மிச்ச அரைப்பேர்

கெலிஓயாவில் நாங்கள் வாடகைக்கு இருக்கும் மேல்மாடியில் ஒரு பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அதில் நான் கேம் விளையாடுகிறேன். வயது நாற்பத்திரண்டு. பிள்ளை இல்லை. புருஷன் இருந்தார், இப்போது இல்லை. செத்துப்போகவில்லை, மாத்தளையில் சுகமாக இருக்கிறார். இவற்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நான் கேம் விளையாடுகிறேன் என்று தெரிந்ததும் எல்லோரும் அடுத்துக் கேட்பது இவற்றைத்தான். இந்த மூன்றில் ஒன்றாவது சரியாக அமைந்திருந்தால் நான் கேம் பக்கம் தலைவைத்தும் படுத்திருக்க மாட்டேன் என்று அவர்களுக்கு ஒரு நினைப்பு.

அமைந்திருந்தாலும் விளையாடியிருப்பேன். எனக்குப் பிடித்திருக்கிறது. என் அண்ணன் ஞாயிற்றுக்கிழமைகளில் எப்போதோ நடந்து முடிந்த கிரிக்கெட் மேட்சைப் போனில் போட்டுப் பார்க்கிறார். யார் ஜெயித்தது என்று தெரிந்துகொண்டே பார்க்கிறார். அவரிடம் யாரும் வயதைக் கேட்டதில்லை.

கேமைப் பற்றிச் சொல்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முந்திய கேம் அது. படமெல்லாம் சதுரம் சதுரமாகத் தெரியும். மேலே ஓர் ஊர், ஊர் நடுவில் வற்றிப்போன ஒரு கிணறு. கிணற்றுக்குள் படி இறங்கினால் பாதாளம். ஒன்றன்கீழ் ஒன்றாக இருபது தளங்கள். முதல் தளத்தில் எலிகள், அதற்குக் கீழே எலும்புக்கூடுகள், அதற்கும் கீழே ஆட்டுத்தலை வைத்த மனிதர்கள். இருபதாவது தளத்தில் ஓர் அரக்கன். அடிக்க வேண்டும், அடி வாங்காமல் நகர வேண்டும், செத்தவன் போட்டதைப் பொறுக்க வேண்டும், இன்னும் கீழே இறங்க வேண்டும். கதை அவ்வளவுதான். சிவப்புப் போத்தல் குடித்தால் உயிர் ஏறும், நீலப் போத்தல் குடித்தால் மந்திரம் ஏறும். வாழ்க்கையில் எதைக் குடித்தால் எது ஏறும் என்று இவ்வளவு தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை.

கண்டி வாவிக்கு மேலே ஒரு ஹோட்டலில் எட்டு வருடம் ரிசப்ஷனில் இருந்தேன். நாடு பெட்ரோல் வரிசையில் நின்ற அந்த வருடம் வெள்ளைக்காரர்கள் வருவது நின்றுபோனது. எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். பின்னறையில் தூசி பிடித்துக் கிடந்த கம்ப்யூட்டரை எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன். குப்பைதானே, கொண்டுபோ என்றார்கள். ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். எனக்கு முன்னே அந்த ஹோட்டலில் வேலை பார்த்த யாரோ ஒருவர் அதற்குள் இந்தக் கேமைப் போட்டு வைத்திருந்தார். முகம் தெரியாத அந்த மனிதர் நன்றாக இருக்கட்டும்.

வேலை தேடாமல் விளையாடிக்கொண்டிருந்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். காலையில் பஸ் கிடைத்தால் கண்டிக்குப் போவேன், ஏழெட்டு இடத்தில் விண்ணப்பம் கொடுப்பேன், பஸ் கிடைத்தால் திரும்பி வருவேன். அதற்குப் பிறகுதான் கேம். ஒரு நாளில் இரண்டு மணித்தியாலம். அந்த இரண்டு மணித்தியாலத்தைத்தான் எல்லோரும் பார்த்தார்கள்.

இங்கே ஒரு சொல்லை விளக்க வேண்டும். நாங்கள் புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆட்கள். அம்மா முப்பத்து மூன்று வருடம் கொழுந்து எடுத்தவள். தோட்டத்தில் பேர் என்றால் ஒரு முழுநாள் வேலை. காலையில் மலைக்குப் போய், கேட்ட கிலோ கொழுந்தை எடுத்துக் கொடுத்தால் புத்தகத்தில் ஒரு பேர் விழும். கிலோ குறைந்தால் அரைப்பேர். உடம்புக்கு முடியாமல் மத்தியானம் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிவிட்டாலும் அரைப்பேர். எங்கள் லயத்தில் இந்தச் சொல் மலையோடு நிற்கவில்லை. ஒருவர் எதையும் உருப்படியாகச் செய்து முடிக்காதவர் என்றால், "அது ஒரு அரைப்பேரு" என்பார்கள். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

எங்கள் வீட்டில் அரைப்பேர் நான்தான். ஏ.எல். பரீட்சையில் மூன்று பாடத்தில் இரண்டு பாஸ். கண்டியில் ஒரு கம்ப்யூட்டர் வகுப்பில் சேர்ந்து பாதியில் நின்றேன். கல்யாணம் இரண்டு வருடம். ஹோட்டல் வேலையும் போனது. அண்ணன் இதையெல்லாம் விரல் மடக்கிச் சொல்வார். அந்தக் கல்யாணத்திலிருந்து நான் உயிரோடு வெளியே வந்ததே ஒரு முழுப்பேர் என்பதை அவர் எந்த விரலிலும் மடக்க மாட்டார்.

இன்னொரு வேடிக்கை, என் பெயரே பாதிதான். அப்பா எனக்கு வைத்த பெயர் இரண்டு சொல். முதல் பாதி எங்கள் குலதெய்வத்தின் பெயர். பின் பாதி அப்பா சின்ன வயதில் திருவிழாவில் பார்த்த ஒரு நாடகத்தில் வந்த ராணியின் பெயர். பிறப்பைப் பதிந்தவருக்குத் தமிழ் தெரியாது. முதல் பாதியைச் சிங்களத்தில் எழுதி முடிப்பதற்குள் களைத்துவிட்டார் போல, பின் பாதியை விட்டுவிட்டார். அப்படியே பள்ளிக்கூடத்தில், அடையாள அட்டையில், கல்யாணப் பதிவில், ஹோட்டலில் சட்டையில் குத்திக்கொள்ளும் தகட்டில், எல்லாவற்றிலும் அரைப்பேர். அப்பா மட்டும் சாகும்வரை இரண்டையும் சேர்த்தே கூப்பிட்டார். அப்பா ஃபெக்டரியில் வேலை பார்த்தவர். லயத்தின் மறுகோடியில் நின்று கூப்பிட்டால் இந்தக் கோடிக்கு வந்து சேரவே நேரம் எடுக்கும், அவ்வளவு நீளம். அவர் போனபிறகு அந்தப் பின் பாதியை யாரும் வாயில் எடுக்கவில்லை.

கேமைத் திறந்த முதல் நாள் அது பெயர் கேட்டது. மூன்று ஆட்களில் ஒருவரைத் தேர்ந்து, பெயர் கொடுக்க வேண்டும். நான் வில் வைத்த பெண்ணை எடுத்தேன். தொடக்கத்தில் அவளுக்கு உடுப்பு என்று சொல்லும்படியாக ஒன்றும் கிடையாது. அம்மா பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்தவள், "அந்தப் புள்ளைக்கு மொதல்ல ஒரு உடுப்பு எடுத்துக் குடு. அப்பறமா பேரு வைக்கலாம்," என்றாள். பெயர்தான் முதலில் என்று சொல்லி என் முழுப்பெயரையும் இங்கிலீஷில் அடித்தேன். பெட்டியில் பன்னிரண்டு எழுத்துக்குத்தான் இடம். முதல் பாதி முடிந்து, பின் பாதியில் ஓர் எழுத்து விழுந்ததோடு நின்றுவிட்டது. அந்தத் தொங்கல் எழுத்தை அழித்தேன்.

"என்னா எழுதுன?" அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது.

"எம் பேருதான்."

"பூராவுமா?"

"பெட்டி பத்தல. பாதிதான்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள். பிறகு கம்ப்யூட்டரைக் காட்டி, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "இவனும் அரைப்பேரு தான் போட்டானா?"

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாம் நாள் கம்ப்யூட்டரைப் போட்டேன். கேமில் ஒரு தெரிவு உண்டு: ஒரே உயிர். சாதாரணமாக விளையாடினால் செத்தாலும் ஊருக்குத் திரும்பி எழுந்து வரலாம். ஒரே உயிர் என்று போட்டால் செத்தது செத்ததுதான். ஊர் எல்லையில் ஒரு கல் முளைக்கும், அதில் உன் பெயர் இருக்கும், நீ மறுபடி எலிகளிடமிருந்து தொடங்க வேண்டும். நான் ஒரே உயிரைத் தேர்ந்தேன். இந்த அரைப்பேரை வைத்துக்கொண்டே இருபது தளமும் இறங்கி அந்த அரக்கனை முடித்துக் காட்டுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். யாருக்குக் காட்ட என்று கேட்டால் அப்போது எனக்குத் தெரியாது. கோபம் மட்டும் தெரிந்தது.

ஒரே உயிரில் இன்னொரு கண்டிப்பும் உண்டு. கேமை முறையாக மூடிவிட்டு எழுந்தால் நின்ற இடம் ஞாபகத்தில் இருக்கும். மூடாமல் கம்ப்யூட்டர் அணைந்தால், ஏமாற்றப் பார்க்கிறாய் என்று அதுவே முடிவுகட்டி, ஆளைச் செத்ததாக எழுதிவிடும். இந்தக் கேமைச் செய்தவர்கள் இலங்கையில் கரண்ட் கட் ஆன வருடத்தில் இருந்து பார்த்திருக்க வேண்டும். ஊர்களை இங்கிலீஷ் எழுத்துகளாகப் பிரித்து, இந்த எழுத்துக்கு இத்தனை மணிக்கு, அந்த எழுத்துக்கு அத்தனை மணிக்கு என்று தினமும் கரண்டை நிறுத்தினார்கள். இன்றைய நேரம் நாளைக்கு இருக்காது. என்னிடம் இருந்த யூ.பி.எஸ். பெட்டியின் பெட்டரி எப்போதோ செத்துப்போயிருந்தது.

ஆகவே என் உயிர் கீழ் வீட்டுத் தாத்தாவின் கையில் இருந்தது. தாத்தா என்றால் கிழவர் என்று நினைக்க வேண்டாம். எங்கள் வீட்டுக்காரர்கள் முஸ்லிம்கள். அவர்கள் அக்காவைத் தாத்தா என்பார்கள். அந்த வீட்டு அம்மணிக்கு ஐம்பது வயதிருக்கும். ஊரெல்லாம் அவரைத் தாத்தா என்று கூப்பிட, நானும் அப்படியே கூப்பிடுவேன். அம்மாவுக்கு மட்டும் நெடுநாள்வரை வாய் வரவில்லை. ஒரு பொம்பளையை எப்படித் தாத்தா என்று கூப்பிடுவது என்று கேட்டுவிட்டு, "கீழ் வீட்டம்மா" என்பாள். கீழ் வீட்டுத் தாத்தாவின் போனுக்கு ஒவ்வொரு நாளும் கரண்ட் கட் நேரம் வந்துவிடும். அவர் படியடியில் நின்று சத்தம் போடுவார். அம்மா படியின் மேலே நின்று வாங்கி, எனக்குச் சொல்வாள்.

இப்படியாக நாங்கள் இறங்கினோம். நாங்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மூன்றாம் தளத்தில் அந்தப் பெண்ணுக்கு ஒரு தோல் கவசம் கிடைத்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். ஐந்தாம் தளத்துக்குப் பிறகு அம்மா சுவர் மணிக்கூட்டுக்கு எதிரே கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஒரு கண் திரையில், ஒரு கண் மணிக்கூட்டில். கரண்ட் போகக் கால் மணி இருக்கும்போதே, "போதும், மேல ஏறு, மேல ஏறு. மழ வருது," என்பாள். மலையில் மழை வரும்போது அப்படித்தான் சொல்வார்களாம். நான் மூடிவிட்டு எழுந்த பிறகுதான் அவள் கதிரையிலிருந்து எழுவாள். சண்டை மும்முரமாக இருந்தால் அவளுடைய இரண்டு கை விரல்களும் மடியில் சேலையைக் கிள்ளிக்கொண்டே இருக்கும். கொழுந்து எடுத்த விரல்கள் சும்மா இருக்காது. அதைப் பார்க்கும்போது எனக்குச் சிரிப்பும் வரும், வேறு ஏதோவும் வரும்.

பதினோராம் தளத்தில் இருந்தபோது ஒரு ஞாயிறு அண்ணனும் அண்ணியும் கம்பளையிலிருந்து வந்தார்கள். அண்ணி திரையைப் பார்த்துவிட்டு, "பேய், பிசாசெல்லாம் வீட்டுக்குள்ள எதுக்கு? அதுவும் ஒரு பொம்பள," என்றார்.

"பொம்பளைன்னா பேய அடிக்கக் கூடாதா அண்ணி?" என்றேன்.

அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி போனிலிருந்து தலையைத் தூக்கினார். "எத்தன மாடி இருக்கு அதுல?"

"இருபது."

"நீ எதுல நிக்கிற?"

"பதினொன்னு."

"அப்ப சரி. பாதி தாண்டியாச்சு. இனி நின்னுருவ." சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "ஒன்னயாச்சும் முழுசா முடிச்சுக் காட்டு. எங் கண்ணு முன்னால முடிக்கணும். அதுக்கப்பறம் நான் ஒரு வார்த்த பேசுனா என்னான்னு கேளு."

அன்றைக்குத்தான் யாருக்குக் காட்ட என்று தெரிந்தது.

ஒன்பது தளத்துக்கு ஏழு வாரம் ஆனது. அவசரப்படவில்லை. ஒவ்வொரு அறைக் கதவையும் திறந்து, உள்ளே நிற்பவர்களை ஒவ்வொருவராக வெளியே இழுத்து, கதவு இடுக்கில் வைத்து அடித்தேன். பன்னிரண்டாம் தளத்தில் உயிரைக் காட்டும் சிவப்பு ஒரு விரல் கனத்துக்கு வந்துவிட்டது, ஓடித் தப்பினேன். அம்மா அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. பதினேழாம் தளத்தில் நெருப்பு துப்பும் நாய்கள். பத்தொன்பதாம் தளத்தின் கடைசிப் படியில் கேமை மூடிவிட்டு அண்ணனுக்குப் போன் பண்ணினேன். "ஞாயித்துக்கெழம வாங்க," என்றேன். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இருபதாம் தளம் வேறு மாதிரி. உள்ளே கால் வைத்ததும் பின்னால் கதவு பூட்டிக்கொள்ளும். இருவரில் ஒருவர் செத்தால்தான் திறக்கும். அதுவரை ஊருக்கும் திரும்ப முடியாது, கேமை மூடவும் விடாது. எப்படியும் ஒரு மணித்தியாலம் வேண்டும் என்று கணித்திருந்தேன். அண்ணனுக்கு மூன்று மணி பஸ். அதற்குப் பிறகு பஸ் இருக்கும் என்று சொல்ல முடியாத நாட்கள் அவை.

பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு முடிந்தது. அம்மா படியில் இறங்கி, இன்றைக்குக் கரண்ட் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். கீழ் வீட்டுத் தாத்தா குசினிக்குள் எதையோ பொரித்துக்கொண்டிருந்தார் போல, அங்கிருந்தே சத்தமாகச் சொன்னார். அம்மா மேலே ஏறிவந்து, "ரெண்டரைக்காம்," என்றாள். இரண்டரை என்றால் தாராளமாகப் போதும். பன்னிரண்டரைக்கு நான் இறங்கினேன். கதவு பூட்டிக்கொண்டது.

அரக்கனிடம் போவதற்கு முன் மூன்று கூடங்கள். ஒவ்வொன்றிலும் அவனுடைய ஆட்கள். முதல் கூடத்திலேயே அண்ணன் கட்டிலை விட்டு எழுந்து எனக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார். இரண்டாம் கூடத்தில், "எடப் பக்கம் ஒருத்தன் வர்றான், எடப் பக்கம்!" என்று கத்தினார். போனை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது. அண்ணிகூடக் கதவு நிலையில் சாய்ந்து நின்று பார்த்தார். மூன்றாம் கூடத்தின் கடைசியில் அவன் நின்றான், திரை கொள்ளாத சிவப்பு உருவம். நான் அம்பு விட்டேன், ஓடினேன், போத்தல் குடித்தேன், மறுபடி விட்டேன். அவனுடைய உயிர்க்கோடு பாதியானது, காலானது. "விடு, விடு, விடாத!" என்று அண்ணன் என்ன சொல்கிறோம் என்று தெரியாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மேசையின் விளிம்பை அவர் பிடித்திருந்த பிடியில் மேசை ஆடியது. இன்னும் பத்து அம்பு, அதிகம் போனால் பன்னிரண்டு.

திரை கறுத்தது. மேலே காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றி நின்றது.

நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். ஒன்றரை.

கீழேயிருந்து தாத்தாவின் குரல் வந்தது. "செல்லினேன் தானே தங்கச்சி, ஒண்டரைக்குப் போகும் எண்டு! மூடிட்டீங்களா?"

ஒண்டரை. எங்கள் வாயில் அது ஒன்னரை. பதினைந்து வருடம் கண்டியில் பஸ் ஏறி இறங்கிய என் காதுக்கு இரண்டும் ஒன்று. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் இருந்துவிட்டு முழங்கால் வலிக்காக இங்கே வந்த என் அம்மாவின் காதில், எண்ணெய்ச் சத்தத்துக்கு நடுவே, ஒண்டரை வந்து ரெண்டரையாக விழுந்திருக்கிறது.

"அவங்க ரெண்டரைன்னுதான் சொன்னாங்க," என்றாள் அம்மா. முகம் செத்துப்போயிருந்தது.

"ஒனக்குக் காது என்னாத்துக்கு இருக்கு?" என்று கத்தினேன். "ஏழு வாரம்மா! ஏழு வாரம்! கீழ போயி ஒருவாட்டி திருப்பிக் கேட்டா என்னா?"

இதை எழுதும்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனால் கத்தினேன்.

அண்ணனுக்குத் தன் போன் ஞாபகம் வந்தது. தேடி எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். கொஞ்சநேரத்துக்கு முன் கத்திக்கொண்டிருந்த மனிதர் அவர் இல்லை என்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டு, "சரி விடு. கடைசியில அரைப்பேரு தானே விழுந்துச்சு. நமக்குத் தெரிஞ்ச கத," என்றார்.

அதுவரை அம்மாவின் மேல் இருந்த கோபம் முழுதும் திரும்பி அவர் பக்கம் போனது.

"அரைப்பேரு போடுறவன் என்னைக்காச்சும் மலையில நின்னு கொழுந்து எடுத்துருக்கானா?" என்றேன். "கொட்டாய்க்குள்ள நெழல்ல நின்னு புத்தகத்துல கோடு போடுவான். மழையில நின்னது நம்ம அம்மா. அட்டை கடிச்சது அம்மாவ. ஒரு கிலோ கொறஞ்சா அரைப்பேருன்னு எழுதுவான். நீங்களும் அதே புத்தகத்த எடுத்துக்கிட்டு ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வர்றீங்க. நான் எறங்குனேன். பத்தொம்பது மாடி எறங்குனேன். நீங்க கட்டில்ல கெடந்தீங்க."

அண்ணி அண்ணனுடைய கையைத் தொட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார். படியிறங்கும்போது அண்ணன் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். நான் பார்க்கவில்லை, பார்த்தார் என்று அம்மா பிறகு சொன்னாள்.

நாலு மணிக்குக் கரண்ட் வந்தது. போட்டுப் பார்த்தேன். பாதாளத்தில் யாரும் இல்லை. ஊர் எல்லையில் ஒரு கல், கல்லில் என் முதல் பாதிப் பெயர். நான் அழுதேன். ஒரு கேமுக்காக யாராவது அழுவார்களா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். நான் அழுதேன், நன்றாக, மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதேன்.

அம்மா பால் போடாத பிளேன்டீ கொண்டுவந்து மேசையில் வைத்தாள். தொட்டு நக்கிக் குடிக்கக் கையில் கொஞ்சம் சீனியும் தந்தாள். அவளும் அழுதிருக்கிறாள் என்று கண்ணைப் பார்த்தால் தெரிந்தது. நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் அதற்கு இடம் கொடுக்கவில்லை.

"அது என்னா கல்லு?"

"செத்தவங்க கல்லு. எம் பேரு இருக்கு."

"அரைப்பேரு தானே இருக்கு?"

மறுபடியுமா என்று நிமிர்ந்தேன். அம்மா சிரிக்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலையில அரைப்பேரு விழுந்துருச்சுன்னா, மத்தியானத்துக்கு மேல மலைய பூட்டியா வச்சிருக்கான்? மிச்சம் அரைப்பேரு இருக்குல்ல. அத போடு."

எனக்குப் புரியக் கொஞ்சநேரம் ஆனது. ஆறுதலுக்குச் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கல்லுக்குக் கீழே வெறும் பெட்டியில் கோடு மின்னி மின்னிக் காத்திருப்பதைப் பார்த்தேன். புதிதாக இறங்கப்போகிறவளின் பெயரை அது கேட்டுக்கொண்டிருந்தது. மிச்சம் அரைப்பேர். அடையாள அட்டையில் இல்லாதது, கல்யாணப் பதிவில் இல்லாதது, அப்பா போனபிறகு யாரும் கூப்பிடாதது. ஒவ்வோர் எழுத்தாக அடித்தேன். ஒன்பது எழுத்து. பெட்டியில் முழுதாக அடங்கி, மூன்று எழுத்துக்கு இடமும் மிச்சமிருந்தது.

ஒரே உயிர் என்றே போட்டேன். எலிகளிடமிருந்து தொடங்கினேன்.

இந்த முறை அதிக நாள் எடுத்தது. நடுவில் கண்டியில் ஒரு பல் வைத்தியரிடம் வேலை கிடைத்தது. வருகிறவர்களுக்கு நம்பர் கொடுத்து உட்கார வைக்கிறேன். பயந்து எழுந்து போகப் பார்ப்பவர்களைப் பிடித்து நிறுத்துவதும் என் வேலைதான்; அதில் நான் கெட்டிக்காரி. கரண்ட் கட்டும் மெல்ல மெல்லக் குறைந்து நின்றுபோனது. ஆனாலும் அம்மா ஒவ்வொரு முறையும் கீழே இறங்கிப்போய்க் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். "கட் இல்லம்மா, இனி இல்ல," என்று தாத்தா சிரிப்பார். அம்மா நம்பமாட்டாள். ஒரு நாள் நேரே அவர் முகத்துக்கு முன்னால் விரலைக் காட்டி, "ஒன்னா, ரெண்டா, வெரல காட்டிச் சொல்லுங்க தாத்தா," என்றாளாம். அன்றைக்குத்தான் அவள் வாயில் முதன்முதலாகத் தாத்தா வந்தது.

முடித்தது ஒரு சனிக்கிழமை முற்பகல். அண்ணன் இல்லை. நான் அவரைக் கூப்பிடவில்லை. அவர் கண்ணுக்கு முன்னால் முடிக்க வேண்டும் என்ற எண்ணம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா மட்டும் கதிரையில். மூன்று கூடங்கள், அரக்கன், அதே ஓட்டம். கடைசி அம்பு விழுந்ததும் அவன் மண்டியிட்டு, சதுரம் சதுரமாக உதிர்ந்து போனான். அம்மாவின் விரல்கள் மடியில் நின்றன.

அதற்குப் பிறகு அந்தப் பெண் படியேறி ஊருக்கு வந்தாள். நான் விளையாடிய இத்தனை காலத்தில் பார்த்திராத ஒன்று அங்கே இருந்தது. கிணற்றின் வாயில் ஒரு புதுக் கல். இறங்கிப்போய்த் திரும்பி வந்தவர் இவர் என்று அதில் பெயர் வெட்டியிருந்தது. ஊர் எல்லையில் பழைய கல் அப்படியே நின்றது. நான் அவளை எல்லைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கிருந்து மறுபடி கிணற்றடிக்கு வந்தேன்.

"ரெண்டயும் வாசி," என்றாள் அம்மா.

எல்லையில் இருந்ததையும் கிணற்றடியில் இருந்ததையும் ஒரே மூச்சில், நிறுத்தாமல், அப்பா லயத்தின் மறுகோடியில் நின்று கூப்பிடுவதுபோல நீட்டி வாசித்தேன். கீழ் வீட்டிலிருந்து தாத்தா, "யாரத் தங்கச்சி கூப்புடுறீங்க?" என்று கேட்டார்.

"என்னத்தான்," என்றேன்.

அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு தலையை ஒருமுறை ஆட்டினாள்.

"ஒரு பேரு," என்று சொல்லிவிட்டு, கதிரையை மணிக்கூட்டுப் பக்கமிருந்து ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.